மகனுக்கு ஏன் இந்த ஊசி?
தொண்டைப் புற்றுநோயும் வைரசும் பற்றி ஒரு தந்தையின் கேள்வி

லாச்சப்பலில் சனிக்கிழமை பிற்பகல் எம்மவருக்குச் சந்தை நாள் மட்டுமன்று. கடிதம் வாசிக்கும் நாளும் அதுவே. கிழமை முழுவதும் தபாற்பெட்டியில் வந்து விழுந்த பிரெஞ்சுக் கடிதங்களைப் பிளாஸ்ரிக் உறையொன்றில் இட்டு எடுத்துவந்து, மரக்கறி வாங்கப் போகும் வழியில் "இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ" என்று நீட்டுவோர் பலர். ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன் என்ற பழைய அடையாளம் இங்கு எனக்குப் பெற்றுத் தந்த பணி இது. வரிக் கடிதம், வாடகைக் கடிதம், காப்புறுதிக் கடிதம் என வருபவற்றின் நடுவே, பாடசாலைகள் மீளத் திறந்த பருவத்தில், ஸ்தேனில் வசிக்கும் நண்பர் ஒருவர் வேறு வகையான படிவமொன்றைக் கொண்டுவந்தார். கொலேஜில் சங்கியெம் வகுப்பிற் படிக்கும் அவருடைய பன்னிரண்டு வயது மகனுக்குப் பப்பிலோமா வைரசுத் தடுப்பூசி போடுவதற்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கும் படிவம் அது.

"சேர், இது கர்ப்பப்பைப் புற்றுநோய்க்குப் போடுற ஊசியெல்லோ? பெடியனுக்கு ஏன்? மாறி அனுப்பிப்போட்டாங்களோ?"

மாறி அனுப்பவில்லை என்றேன். அதே வைரசு ஆண்களின் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

"எங்கட சனத்துக்கு அது வெத்திலையாலும் பொயிலையாலும் வாறது. என்ர பெரியப்பா அதாலதான் போனவர். கிருமியால வாறதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. படிவத்தில் இருந்ததிலும் பிழையில்லை. இவை இரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும் என்பதைத் தேநீர்க் கடையில் அரைமணி நேரத்துள் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. ஆகவேதான் இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்கள் எழுதியவற்றை வாசித்து, எமது மொழியில் எமது வாழ்வோடு பொருத்திச் சொல்ல முயல்பவன் மட்டுமே.

முதலில் பெரியப்பாவின் கதை. வீட்டுக்கு வந்தவரை வெற்றிலைத் தட்டம் வைத்து வரவேற்ற சமூகம் நாம். பல்லில்லாத பாட்டிமாருக்குப் பாக்குரலில் இடித்துக் கொடுத்த பேரப்பிள்ளைகள் இன்றும் எம்மிடையே ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் புகையிலை எமது பொருளாதாரத்தின் ஒரு தூணாகவே இருந்தது. வெற்றிலையையும் பாக்கையும் சுண்ணாம்பையும் புகையிலையையும் சேர்த்துக் கொடுப்புக்குள் மணிக்கணக்கில் அடக்கி வைத்திருந்தவர்களுக்கு, அடக்கிய அதே இடத்தில், கன்னத்தின் உட்புறத்திலோ முரசிலோ நாக்கின் ஓரத்திலோ புண் தோன்றியது. இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் நெடுங்காலமாக முதலிடத்தில் இருந்துவருவது இதனாலேயே.

லியோன் நகரில் அமைந்துள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என 1985இல் முடிவு செய்தது. "நான் பொயிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்று ஆறுதல்கொள்வோர் எம்மிடையே அதிகம். அவர்கள் அறிய வேண்டியது, 2003இல் அதே முகவரகம் கூடிப் புகையிலை சேராத வெற்றிலையும், ஏன் பாக்கு மட்டுமே தனித்தும், புற்றுநோய்க் காரணி என்று அறிவித்ததை. பாக்கிலுள்ள அரிக்கோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்தசையை நார் நாராக இறுகச் செய்கிறது. முதலில் உறைப்புத் தாங்காது. பின்னர் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். மூன்று விரல்களைச் செங்குத்தாக வைத்து வாய்க்குள் நுழைக்க இயலாத நிலை வந்துவிட்டால் அது வைத்தியரிடம் போகவேண்டிய நிலை. 2022ஆம் ஆண்டில் உலகில் ஏற்பட்ட சுமார் 3,89,800 வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 1,20,200, அதாவது மூன்றில் ஒன்று, மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வந்தவை என அம்முகவரகத்தின் ஆய்வாளர்கள் 2024இல் கணக்கிட்டனர். அவற்றில் பெரும்பகுதி தெற்காசியாவிலேயே.

போர்க்காலத்தில் வடக்கில் வாயில் புண் கண்ட ஒருவர் மகரகமை வைத்தியசாலையை அடைவதென்பது தனியொரு போராட்டம். பாதை மூடப்பட்டிருந்த மாதங்களில் கப்பலுக்கும் அனுமதிக்கும் காத்திருந்த நேரத்தில் புண் வளர்ந்தது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடைபயணம் செய்து திரட்டிய நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. என் நண்பரின் பெரியப்பாவுக்கு அது காலம் கடந்த செய்தி.

ஆக, எமது முதியோரின் வாய்ப் புற்றுநோயில் வைரசுக்கு இருக்கும் பங்கு மிகச் சிறிது. நண்பர் அனுபவத்தால் அறிந்ததும் ஆய்வாளர் கண்டதும் இங்கு ஒன்றே. வேறுபாடு வாய்க்குப் பின்னால் தொடங்குகிறது.

கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்தால் உள்நாக்கு தொங்குவது தெரியும். அதற்கு இருபுறமும் ரொன்சில் என்று நாம் சொல்லும் தொண்டைச் சதைகள். அவற்றுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், நாக்கின் அடிப்பகுதி. வெற்றிலையால் வரும் புற்றுநோய் இந்த எல்லைக்கு முன்புறத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. பப்பிலோமா வைரசு விரும்புவது எல்லைக்குப் பின்புறத்தை. ஏனெனில் ரொன்சிலின் மேற்பரப்பு மழமழப்பானதன்று. ஆழமான குழிகள் நிறைந்தது. குழிகளின் உட்தோல் வலைபோல இடைவெளிகள் கொண்டது. உள்ளே வரும் கிருமிகளைப் பிடித்து உடலின் காவலணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பதற்காக இயற்கை அமைத்த வாசல் அது. அந்த வாசலாலேயே வைரசும் நுழைந்து அடித்தளத்து அணுக்களைச் சென்றடைகிறது. காவல்நிலையத்துக்குள்ளேயே திருடன் ஒளிந்திருப்பதைப் போல.

பப்பிலோமா வைரசுகளில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை காலிலும் கையிலும் மருவை உண்டாக்குவதோடு நின்றுவிடுபவை. ஜேர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ட்சூர் ஹவுசன் குழுவினர் 1983இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயிலிருந்து 16ஆம் இலக்க வகையைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்னர் அவர் இவ்வாறு ஒரு வைரசு காரணமாக இருக்கக்கூடும் என்று சொன்னபோது துறைசார்ந்தோர் பலர் ஏற்கவில்லை. 2008இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதே பரிசின் மறுபாதி, இதே பாரிஸ் நகரின் பஸ்தர் நிறுவனத்தில் எயிட்ஸ் வைரசைக் கண்டறிந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசிக்கும் லுக் மொந்தாஞ்ஞேக்கும் போயிற்று. தொண்டைக்கும் இந்த வைரசுக்குமான தொடர்பைச் சில ஆய்வாளர் முன்னரே சுட்டிக்காட்டியிருந்தபோதிலும், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் மோரா கிலிசனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வே அதனை உறுதியாக நிலைநாட்டியது. வைரசுள்ள தொண்டைப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு அதே 16ஆம் இலக்கமே காரணம்.

அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். எமது அணுக்களில், அவை கட்டுப்பாடின்றிப் பெருகாமல் தடுக்கும் இரு புரதங்கள் உண்டு. வைரசு தன்னுடன் கொண்டுவரும் ஈ-6, ஈ-7 என்னும் இரு புரதங்கள் அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. புகையிலையும் ஈற்றில் இதைத்தான் செய்கிறது. ஆனால் அது மரபணுவையே சிதைத்துவிடுகிறது. வைரசோ மரபணுவை முழுதாக விட்டுவிட்டு, அதிலிருந்து உருவாகும் புரதத்தை மட்டும் அழிக்கிறது. இந்த வேறுபாடு நோயாளிக்குச் சாதகமானது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வைரசினால் தொண்டைப் புற்றுநோய் கண்டவர்களில் 82.4 வீதத்தினர் மூன்றாண்டுகளின் பின் உயிரோடிருந்தனர், வைரசில்லாதவர்களில் 57.1 வீதத்தினர் மட்டுமே. இதனாலேயே 2017 முதல் இவ்விரண்டையும் வெவ்வேறு நோய்களாகவே கருதி நிலைகளைப் பிரிக்கின்றனர். "அப்படியானால் மருந்தைக் குறைக்கலாமே" என எண்ணி, வழமையான மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துப் பார்த்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவு 2018இல் வந்தது. புதிய மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்தனர். நல்ல செய்தியிலும் அவசரம் ஆகாது என்பது அங்கு தெரிந்தது. வைரசோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் அந்தச் சாதகமும் குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இனி, எம்மவர் பேசக் கூசும் இடம். இந்த வைரசு உடலுறவின் வழியாக, தொண்டையைப் பொறுத்தவரை குறிப்பாக வாய்வழித் தொடர்பினால், பரவுகிறது. ஆனால் இதிலிருந்து எவருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் முடிவுகட்டுவது அறியாமை. ஆண், பெண் இருபாலாரிலும் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இத்தொற்று ஏற்படுகிறது. ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் ஏற்படலாம். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடல் அதைத் தானாகவே நீக்கிவிடுகிறது. நீக்கப்படாமல் தங்கிவிடும் மிகச் சிலரில், பத்தாண்டுகள், இருபதாண்டுகள், அதற்கும் மேல் கழித்துப் புற்றுநோயாகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல இயலாது.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம்மவர் ஒருவருக்குக் கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியில்லாத கட்டியொன்று தோன்றியது. ஐம்பது வயது. புகைத்தவரல்லர், வெற்றிலை தொட்டவருமல்லர். சவரம் செய்யும்போது கையில் தட்டுப்பட்டதை நெறிக்கட்டு என்று எண்ணி ஐந்து மாதம் விட்டுவிட்டார். வைத்தியர் முடிவைச் சொன்ன நாளில் மொழிபெயர்க்க அழைத்துச் செல்லப்பட்டவள் பதினேழு வயது மகள். "பப்பிலோமா வைரசு" என்ற சொல் வந்ததும் அவள் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டாள். இரவு தானே தேடி வாசித்து, தாய்க்கு அரைகுறையாகச் சொன்னாள். அந்த வீட்டில் அடுத்த மூன்று மாதங்கள் தாய் கணவனோடு பேசவில்லை. அவர் நாள்தோறும் கதிர்ச் சிகிச்சைக்குத் தனியே போய்வந்தார். விழுங்க இயலாமல் இருந்தவருக்குக் கஞ்சி மட்டும் மேசையில் வைக்கப்பட்டிருந்தது.

அவர்கள் அந்த அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தபோது அதில் "பி-16" என்ற குறியீடும் அதனருகே நேர்மறை என்ற சொல்லும் இருந்தன. வைரசு இருப்பதைக் காட்டும் அடையாளப் புரதம் அது. அவ்வளவே. அந்த அம்மையார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஆரிட்டயிருந்து?" விடையில்லாத கேள்வி அது, திருமணத்துக்கு முந்திய காலமாகவும் இருக்கலாம் என்பதை விளங்கப்படுத்த ஒரு மாலைப்பொழுது முழுவதும் எடுத்தது. சிகிச்சை முடிந்து அவர் நலமாக இருக்கிறார். அந்த மூன்று மாதங்களை வைரசின் கணக்கில் எழுதுவதா, எமது மௌனத்தின் கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இத்தகைய சந்திப்புகளுக்குப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை, தொலைபேசி வழியாகவேனும், ஒழுங்கு செய்து தருமாறு வைத்தியசாலையில் முன்கூட்டியே கேட்கலாம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்களில் கைவைக்கும் வைரசு இது ஒன்று மட்டுமன்று. ஸ்தேனில் எம்மவரின் அயலவர் பலர் அல்ஜீரியாவிலும் மொரொக்கோவிலும் துனீசியாவிலும் வேர் கொண்டவர்கள். அவர்கள் சமூகத்தில், மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் வரும் ஒரு புற்றுநோய் ஐரோப்பியரிலும் பார்க்க அதிகம், இளவயதினரிலும் வருவதுண்டு. தென்சீனத்தில் அது இன்னும் அதிகம். அதன் பின்னணியில் இருப்பது எப்ஸ்ரீன்-பார் வைரசு. உகண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பேர்க்கிற் என்ற மருத்துவர் சிறுவர்களின் தாடைக் கட்டிகளிலிருந்து எடுத்தனுப்பிய மாதிரிகளில், இலண்டனில் அந்தனி எப்ஸ்ரீன், பேர்ட் அச்சொங், இவோன் பார் ஆகிய மூவரும் 1964இல் இதைக் கண்டறிந்தனர். மனிதரில் கண்டுபிடிக்கப்பட்ட முதலாவது புற்றுநோய் வைரசு இதுவே. வியப்பு என்னவெனில், உலகின் வளர்ந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரசைச் சுமந்துகொண்டு ஒரு தீங்குமின்றி வாழ்கின்றனர். உமிழ்நீர் வழியே குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. மரபும், உப்பிட்டுப் பதப்படுத்திய மீன் போன்ற உணவும் சேருமிடத்திலேயே சிலரில் அது புற்றாகிறது. இதற்குப் பொதுப் பயன்பாட்டில் தடுப்பூசி இல்லை. ஆனால் ஹொங்கொங்கில் 20,174 ஆண்களின் இரத்தத்தில் வைரசின் மரபணுத் துணுக்குகளைத் தேடி, 34 பேரில் நோயைக் கண்டுபிடித்ததாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது; அவர்களுட் பெரும்பாலோருக்கு நோய் தொடக்க நிலையிலேயே இருந்தது. அயல்வீட்டுப் பையன் ஒரு காது அடைத்திருக்கிறது, ஒரு மூக்கால் மட்டும் இரத்தம் வருகிறது, கழுத்தில் கட்டி என்று நாட்கணக்கில் சொன்னால் அவன் தாயிடம் ஒரு வார்த்தை சொல்வது அயலவர் கடமை.

மீண்டும் நண்பரின் படிவத்துக்கு வருவோம். அவருடைய மகன் இந்நாட்டிற் பிறந்தவன். பாக்கின் சுவை அறியான். தாத்தாவின் வாயைத் தாக்கிய நோய் அவனை அணுகும் வாய்ப்புக் குறைவு. அவன் வளர்ந்து ஆளாகும் சமூகத்திலோ நிலைமை வேறு. மேலை நாடுகளில் புகைப்பழக்கம் குறையக் குறையக் குரல்வளைப் புற்றுநோயும் குறைந்துவந்தது. அதே காலத்தில் ரொன்சில், அடிநாக்குப் புற்றுநோய் கூடிவந்தது, அதிலும் ஆண்களில். அமெரிக்காவில் தொண்டைப் புற்றுநோயில் பத்தில் ஏழு இந்த வைரசினால் வருபவை எனக் கணக்கிடுகின்றனர். 2015இல் அங்கு தொண்டைப் புற்றுநோய் கண்டோரின் தொகை கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கண்டோரின் தொகையைத் தாண்டியிருந்தது. பிரான்சில் பப்பிலோமா வைரசுகளால் ஆண்டுதோறும் ஏற்படும் புற்றுநோய்கள் 6,000க்கு மேல். அவற்றில் கால்வாசிக்கு மேல் ஆண்களுக்கு. கருப்பைக் கழுத்தை முன்கூட்டியே பரிசோதிக்க வழியுண்டு. தொண்டைக்கு அத்தகைய பரிசோதனை ஏதும் நடைமுறையில் இல்லை. ஆகவே பையனுக்கு இருக்கும் காப்பு ஊசி ஒன்றே.

பிரான்சில் இத்தடுப்பூசி 2007இல் பெண்பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கு 2021 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து. 2023 ஒக்ரோபரில் கொலேஜ்களிலேயே, சங்கியெம் மாணவர் அனைவருக்கும், கட்டணமின்றிப் போடத் தொடங்கினர். ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் என்பதன் காரணம், வைரசைச் சந்திப்பதற்கு முன்னரே உடலைப் பழக்கவேண்டும் என்பதுதான். அந்த வயதில் உடல் காட்டும் எதிர்ப்பும் வலியது. பிள்ளையைக் கெட்டவழிக்கு அனுமதிக்கும் சீட்டு இது என்று ஒரு தாய் என்னிடம் கோபித்தார். ஏற்பூசி போட்டால் பிள்ளை துருப்பிடித்த ஆணியைத் தேடிப் போய் மிதிக்கும் என்று எவரும் அஞ்சியதில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஊரில் அக்கா மகளுக்குப் பாடசாலையிலேயே இந்த ஊசி போடப்பட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது. உண்மை. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் போட்டுவருகிறார்கள்.

அச்சங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இந்நாட்டில் இந்த ஊசிக்கு எதிராக எழுந்த பேச்சுகள் எம்மவர் காதிலும் விழுந்திருக்கின்றன. 2015இல் பிரெஞ்சு மருந்துப் பாதுகாப்பு முகவரகமும் காப்புறுதி நிறுவனமும் சேர்ந்து 22 இலட்சம் பெண்பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்தன. உடல் தன்னைத்தானே தாக்கும் நோய்கள் மொத்தத்தில் கூடவில்லை. கியான்-பாரே என்னும் நரம்பு நோய் மட்டும் இலட்சம் பேருக்கு ஒருவர், இருவர் என்ற அளவில் கூடியதுபோலத் தெரிந்தது. பின்னர் வேறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 2023 ஒக்ரோபரில் நாட்டின் மேற்கில் மாணவர் ஒருவர் ஊசி போட்டபின் மயங்கி விழுந்து, தலையில் அடிபட்டு, சில நாட்களில் இறந்தார். மருந்து காரணமன்று, விழுகையே காரணம் என்பது அதிகாரிகளின் முடிவு. பெற்ற வயிற்றுக்கு இந்த வேறுபாடு ஆறுதலாகுமா? அதன் பின்னர் ஊசி போட்ட பிள்ளைகளைக் கால்மணி நேரம் தரையில் இருத்தியோ கிடத்தியோ கவனிக்கவேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. உங்கள் பிள்ளை இரத்தம் கண்டால் மயங்குபவன் என்றால் அதை முன்கூட்டியே அறிவியுங்கள்.

பலன் பற்றியும் அளவோடுதான் சொல்லலாம். பதினேழு வயதுக்கு முன் ஊசி பெற்ற பெண்களில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 88 வீதம் குறைந்ததை 2020இல் சுவீடன் காட்டியது. தொண்டையைப் பொறுத்தவரை, நோய் வெளிப்படப் பத்தாண்டுகள் பல ஆவதால், அத்தகைய இறுதிச் சான்று கிட்ட இன்னும் காலம் எடுக்கும். ஆயினும் கொஸ்தாரிக்காவில் நடந்த ஆய்வொன்று, ஊசி பெற்ற பெண்களின் வாயில் 16, 18ஆம் இலக்க வைரசுகளின் தொற்று 93 வீதம் குறைந்திருந்ததை 2013இல் அறிவித்தது. தொற்றில்லாத இடத்தில் அதனால் வரும் புற்றுக்கும் இடமில்லை என்ற தர்க்கத்தை அமெரிக்க மருந்து அதிகாரசபை 2020இல் ஏற்றுக்கொண்டது. எனக்கு அது போதுமானதாகப் படுகிறது. ஏற்கனவே வந்த தொற்றை இந்த ஊசி நீக்காது. வந்த புற்றை ஆற்றாது. பாக்கும் புகையிலையும் செய்யும் தீங்கை அது தொடுவதுமில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நண்பரிடம் சொன்னபோது அவர் தம் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். அதற்குள் பாக்குப் பொட்டலம் இருந்தது. லாச்சப்பல் கடைகளில் வெற்றிலையும் சீவலும் இனிப்பூட்டிய பாக்குப் பொட்டலங்களும் கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன. இரவு வேலையில் நித்திரை வராமலிருக்க அவருக்கு அது வேண்டியிருந்தது, இருபது ஆண்டுகளாக. வைரசைப் பற்றிய புதுச் செய்தி எமது பழைய பழக்கத்துக்கு மன்னிப்புச் சீட்டாகிவிடுமோ என்பதே எனது கவலை. ஊசி மகனுக்கு. தந்தைக்கு வேண்டியது கண்ணாடியும் நல்ல வெளிச்சமும். வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாத புண், விழுங்கும்போது நோ, மாறாத குரலடைப்பு, கழுத்துக் கட்டி: இவற்றில் ஒன்றேனும் மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பது இங்குள்ள காது, மூக்கு, தொண்டை வைத்தியர் சொல்லும் எளிய கணக்கு. கேரளத்தில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று கண்ணால் மட்டுமே வாயைப் பார்த்துவந்ததில், புகையிலையோ மதுவோ பாவிப்போரிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 வீதம் குறைந்ததை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கு இருக்கவில்லை.

"அப்ப இதைப் பாருங்கோவன்" என்று அவர் தேநீர்க் கடையின் மூலைக்கு என்னை அழைத்தார். இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே, நகத்தளவில், வெள்ளையாக ஒரு திட்டு. எவ்வளவு காலம் என்றேன். வெசாக் விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து என்றார். அது என்னவென்று சொல்ல நான் யார்? பெரும்பாலான வெள்ளைத் திட்டுகள் புற்றுநோயாவதில்லை என்பது உண்மை; எது ஆகும் என்பதைப் பார்வையால் சொல்ல இயலாது என்பதும் உண்மை. குடும்ப வைத்தியரிடம் திங்கட்கிழமையே போய், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குமாறு சொன்னேன்.

பின்னர் இருவருமாகப் படிவத்தை நிரப்பினோம். பதினாறு வயது மகளுக்கும் இந்த ஊசி தவறிப்போயிருந்தது. பதினைந்து முதல் பத்தொன்பது வயதுவரை தவறியவர்கள் மூன்று ஊசிகளாகப் போடலாம், குடும்ப வைத்தியரோ மருத்துவிச்சியோ மருந்தகத்தாரோ போடுவார் என்பதையும், அந்த வயதெல்லையை 26 ஆக உயர்த்துமாறு சுகாதார உயர் அதிகாரசபை 2025இல் பரிந்துரைத்ததையும் தாளின் பின்புறத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் பெற்றோர் இருவருக்கும் கையெழுத்திட இடமிருந்தது. தம்முடையதை இட்டார். மனைவி மாலை வேலைக்குப் போய்விடுவார், காலையில் தான் நித்திரை, ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் முகம் பார்ப்போம் என்றபடி தாளை மடித்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். படிவம் பாடசாலைக்குப் போய்விட்டது. வேறொரு கடிதம் கையில் இருந்தது. வைத்தியசாலையிலிருந்து, திட்டின் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் பரிசோதிக்கும் திகதியும் நேரமும் அதில் இருந்தன. மகள் வருகிறாளாம் மொழிபெயர்க்க என்றார். வேண்டாம், நான் வருகிறேன் என்றேன்.